தொழில் தொடங்குமுன் எதை, எந்த வரிசையில் படிப்பது? டெல்டா மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொழில்முனைவோர் படிக்க வேண்டிய நூல்கள் என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனர்களின் வரலாறுகளில் தொடங்கித் தன்னம்பிக்கை நூல்களில் முடிகின்றன. அவற்றில் நல்ல நூல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பேராவூரணியில் தேங்காய் நார் ஆலை வைக்க எண்ணுபவருக்கும், கும்பகோணத்தில் வீட்டில் இடும் வடகத்தையும் ஊறுகாயையும் மளிகைக் கடைகளுக்குப் போட விரும்பும் பெண்மணிக்கும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பாவை அவலாக்கி விற்க முயலும் உழவருக்கும் முதலில் வேண்டியவை அவை அல்ல. அறுவடைப் பணம் கைக்கு வரும் வரை சரக்கைக் கடனாகக் கொடுத்தால் கடை தாங்குமா, பொட்டலத்தின்மேல் எவற்றையெல்லாம் அச்சிட வேண்டும், வங்கி மேலாளர் கேட்கும் திட்ட அறிக்கையில் எந்த எண்ணை எங்கிருந்து எடுத்து எழுதுவது என்பன போன்ற கேள்விகளே அவர்கள் முன் நிற்கின்றன. ஆகவே படிப்பின் வரிசையை நூலின் புகழைக் கொண்டு அமைக்காமல், தொழில் எழுப்பும் கேள்விகளைக் கொண்டு அமைக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள படிகள் அந்த அடிப்படையில் எழுதப்பட்டவை. இவற்றில் சில நூல்களே அல்ல. அரசு அறிக்கைகளும் சட்டங்களும் ஆகும்.

முதற்படி: நோட்டுப் புத்தகம்

நூலைத் திறக்குமுன் ஒரு நீளக் கணக்கு நோட்டை வாங்கி, அதைப் பணம், வாங்குபவர், சட்டம் என்று மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் இடப்பக்கத்தில் உங்களுக்கு விடை தெரியாத கேள்விகளை எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். படிக்கும்போது கிடைக்கும் விடையையும், அது எந்த ஆண்டின் எந்த ஆவணத்தில் இருந்தது என்பதையும் வலப்பக்கத்தில் குறித்து வாருங்கள். ஒரு நூலை முடித்த பிறகும் வலப்பக்கத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை என்றால், அந்த நூல் எவ்வளவு சிறந்ததாயினும் உங்களுக்கு இப்போதைக்கு உரியது அன்று.

இரண்டாம் படி: கணக்கு

கணக்கைப் படிக்காமல் வேறு எதையும் தொட வேண்டாம். இதற்கு மிகச் சிறந்த தொடக்க நூல் விலையில்லாமலே கிடைக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலைத்தான் சொல்கிறேன். தமிழ்வழிப் பதிப்பை இணையத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ளலாம்; பள்ளி முடித்த உறவினர் வீட்டுப் பரணிலும் ஒரு பிரதி இருக்கும். பேரேடு, இருப்பாய்வு, ரொக்க ஏடு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம், இறுதிக் கணக்குகள் ஆகிய பாடங்களை, தேர்வுக்குப் படிப்பது போலப் பயிற்சிக் கணக்குகளையும் போட்டுப் படிக்க வேண்டும். முதலினச் செலவையும் வருவாயினச் செலவையும் பிரிக்கும் பாடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அரவை இயந்திரம் வாங்கிய பணத்தையும் மின்கட்டணம் செலுத்திய பணத்தையும் ஒரே செலவுக் கணக்கில் எழுதுகிறவருக்குத் தம் தொழில் இலாபத்தில் நடக்கிறதா என்பது ஒருபோதும் தெரியப் போவதில்லை.

அடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு நூலின் முதல் பாடமான முழுமை பெறாப் பதிவேடுகளிலிருந்து கணக்குத் தயாரிக்கும் பகுதியைப் படியுங்கள். துண்டுச் சீட்டிலும் நாட்காட்டித் தாளின் பின்புறத்திலும் எழுதி வைத்த வரவு செலவிலிருந்து இலாபத்தைக் கண்டறியும் வழி அதில் இருக்கிறது. அப்பாவின் கடையை ஏற்று நடத்தப் போகிறவர்களுக்கு இந்த ஒரு பாடம் பல மேலாண்மை நூல்களைவிடப் பயன்படும்.

பாடநூல் சொல்லித் தராத ஒன்று உண்டு; அது டெல்டாவில் பணம் வரும் காலம். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவது மரபு. ஆனால் 2022-ல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறப்பு தள்ளிப்போனால் குறுவைப் பரப்பு சுருங்கும், நடவுக் கூலி தள்ளிப்போகும், உரக்கடை முதல் ஜவுளிக்கடை வரை வசூலும் தள்ளிப்போகும். ஆதலால் நோட்டில் ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு கட்டங்கள் வரைந்து, எந்த மாதம் எவ்வளவு பணம் உள்ளே வரும், எவ்வளவு வெளியே போகும் என்று எழுதிய பிறகு, அணை ஆறு வாரம் தாமதமாகத் திறந்தால் அந்தக் கட்டங்கள் எப்படி மாறும் என்பதை இரண்டாம் வரிசையில் எழுதுங்கள். விவசாயத்தோடு நேரடித் தொடர்பில்லாத தொழிலுக்கும் இது பொருந்தும், ஏனெனில் உங்களிடம் வாங்குபவரின் பணம் எப்படியும் வயலிலிருந்துதான் வருகிறது.

கடன் வியாபாரத்தை எண்களாக எழுதிப் பார்ப்பதும் இந்தப் படியிலேயே செய்ய வேண்டிய வேலை. மாதம் மூன்று இலட்சம் ரூபாய்க்கு விற்கும் கடையில் பாதி விற்பனை கடனுக்குப் போய், அந்தப் பாக்கி வர மூன்று மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போதும் 4,50,000 ரூபாய் வெளியில் நிற்கும். நூறு ரூபாய்ச் சரக்கின் அடக்கவிலை எண்பது என்றால், உங்கள் முதலில் 3,60,000 ரூபாய் அங்கே முடங்கியிருக்கிறது என்று பொருள். அதை ஆண்டுக்கு 12 விழுக்காட்டு வங்கிக் கடனில் ஈடுகட்டினால் மாத வட்டி 3,600 ரூபாய். வெளியே மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் 10,800 ரூபாய். மாத மொத்த இலாபம் 60,000 ரூபாய்தான் என்பதை நினைவில் கொண்டு இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். கடை வாடகையும் ஆள் சம்பளமும் இன்னும் கழிக்கப்படவில்லை.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் இதையே சொல்கிறார்: “ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை.” வருவாய் வரும் வழி சிறிதாக இருந்தாலும் கேடில்லை, போகும் வழி அகலாமல் இருக்க வேண்டும் என்கிறது அந்த 478-ஆம் குறள். அதற்கு முந்தைய தெரிந்து செயல்வகை அதிகாரத்தையும் உரையோடு ஒருமுறை படிப்பது நல்லது. வரப்போகும் இலாபத்தை எண்ணிக் கையில் உள்ள முதலை இழக்கும் வேலையை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்ற 463-ஆம் குறள் அங்கேதான் இருக்கிறது. மேடைப் பேச்சில் கேட்பதைவிடக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்போது இந்த அதிகாரங்கள் நன்றாகப் புரிகின்றன.

மூன்றாம் படி: வாங்குபவர்

ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013-ல் வெளியிட்ட ‘தி மாம் டெஸ்ட்’ சிறிய நூல், ஆங்கிலமும் எளியது. பெற்ற தாயிடம் உன் யோசனை எப்படி என்று கேட்டால் அவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், ஆகையால் யோசனையைப் பற்றிக் கேட்காமல் அவர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பதைக் கேள் என்பதே நூலின் சாரம். முகம் கோணக்கூடாது என்பதற்காகவே பாராட்டிவிடும் நம் ஊர்களில் இந்த அறிவுரை இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகிறது. மாப்பிள்ளைச் சம்பா அவல் போட்டால் வாங்குவீர்களா என்று அத்தையிடமும் சித்தியிடமும் கேட்டால் கிடைக்கும் விடைக்கு மதிப்பில்லை. சென்ற மாதம் அவல் எந்தக் கடையில் வாங்கினீர்கள், என்ன விலை, வாங்கியதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கடைசியாக எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டால், வாங்கும் அளவும் விலையும் காலமும் தாமே வெளிவரும். முன்பின் அறியாத வீடுகளிலும் இவ்வாறே கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

எரிக் ரீஸ் எழுதிய ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ (2011) இதற்கு அடுத்து வரலாம். பெரிய முதலீட்டுக்கு முன் மிகச் சிறிய வடிவில் விற்றுப் பார்த்து, அளந்து, கற்றுக்கொண்டு, திருத்தும் முறையை அது விளக்குகிறது. ஜாப்போஸ் காலணி நிறுவனத்தின் தொடக்கம் அதில் எடுத்துக்காட்டாக வருகிறது: நிறுவனர் சரக்கு எதையும் வாங்கி அடுக்காமல், உள்ளூர்க் கடைகளிலிருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, யாராவது கேட்டால் கடை விலைக்கே வாங்கி அனுப்பி, மக்கள் இணையத்தில் காலணி வாங்குவார்களா என்பதைச் சோதித்தார். நம் சூழலில் இதற்கு இணையான வழி, இயந்திரம் வாங்குமுன் வேறொருவர் ஆலையில் கூலிக்கு ஆட்டியோ அரைத்தோ ஒரு பருவம் விற்றுப் பார்ப்பதாகும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த நூலின் மனநிலை மென்பொருளுடையது. மென்பொருளை இரவோடிரவாக மாற்றிவிடலாம், செக்கு எண்ணெய் ஆலையை மாற்ற முடியாது. உணவுப் பொருளாயின், சோதனைக்கு விற்கும் சரக்குக்கும் பாதுகாப்பு விதிகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காம் படி: நம் மாவட்டத்து ஆவணங்கள்

எந்தப் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெறாத, ஆனால் டெல்டாவில் தொழில் தொடங்குவோருக்கு எல்லாவற்றையும்விடப் பயன்படும் படிப்பு இங்கே இருக்கிறது.

முதலாவது, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியாகிய நபார்டு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆண்டுதோறும் வெளியிடும் வளம் சார்ந்த கடன் திட்ட அறிக்கை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஒவ்வொன்றுக்கும் தனி அறிக்கை உண்டு. நபார்டின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பயிர், பால், மீன், உணவுப் பதப்படுத்துதல், சிறுதொழில் என்று துறைவாரியாக மாவட்டத்தில் என்ன வளம் இருக்கிறது, என்ன கட்டமைப்பு குறைகிறது, எவ்வளவு கடனுக்கு வாய்ப்பிருக்கிறது என்பதை அது பேசுகிறது. வங்கிகளின் ஆண்டுக் கடன் திட்டம் இதை ஒட்டியே வகுக்கப்படுவதால், மேலாளர் உங்கள் விண்ணப்பத்தை எந்தத் தலைப்பின்கீழ் பார்ப்பார் என்பது இதைப் படித்தால் விளங்கும். முழுவதும் படிக்கத் தேவையில்லை. உங்கள் துறைக்கான அத்தியாயத்தையும், கட்டமைப்பில் உள்ள இடைவெளிகளைச் சொல்லும் பத்திகளையும் படித்தால் போதும். குளிர்பதனக் கிடங்கு இல்லை, உலர்களம் போதவில்லை என்று ஓர் அறிக்கை எழுதும் இடத்தில் ஒரு தொழில் ஒளிந்திருக்கக்கூடும்.

ஆவணத்தின் ஆண்டைப் பார்த்துப் படிக்கும் பழக்கம் இங்கே மிக முக்கியம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் தேங்காய் விளைச்சல் எண்ணை வைத்து இன்று நார் ஆலைக்குத் திட்டமிடுவது வீண். மறுநடவு செய்த கன்றுகள் எந்த வட்டாரத்தில் காய்ப்புக்கு வந்துவிட்டன என்பதைத் தோப்புக்காரர்களிடமும் வேளாண் அலுவலகத்திலும் கேட்டு எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020. துத்தநாக உருக்காலை, தாமிர உருக்காலை, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில், எண்ணெய் எரிவாயு ஆய்வும் எடுப்பும் உள்ளிட்ட சில தொழில்களைப் புதிதாகத் தொடங்க இந்தச் சட்டம் மண்டலத்துக்குள் தடை விதிக்கிறது. சிறு தொழில் தொடங்குவோரில் பெரும்பாலாரை இது நேரடியாகத் தடுக்காது. ஆயினும் எலும்பு, கொம்பு, குளம்பு போன்ற விலங்கு உடற்பகுதிகளைப் பதப்படுத்தும் தொழிலும் பட்டியலில் இருப்பதைச் சிலர் அறிவதில்லை. சட்டமும் அதன் அட்டவணையும் சில பக்கங்களே. பிற்காலத் திருத்தங்களையும் சேர்த்துப் பாருங்கள். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், அங்கே கடை வைப்பவர் மானியத் திட்டங்கள் முதல் உரிமங்கள் வரை அந்த அரசின் ஆவணங்களையே படிக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் தமிழ்நாட்டு விதி அங்கே செல்லாது.

மூன்றாவது, ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயரைச் சட்டப்படி காக்கும் புவிசார் குறியீட்டுக்கான விண்ணப்பங்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை, தஞ்சாவூர் வீணை, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், சுவாமிமலை உலோகச் சிற்பம், திருபுவனம் பட்டு என்று குறியீடு பெற்ற பொருள்கள் இந்த நிலத்தில் நெருக்கமாக உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பதிவகத்தில் கொடுத்த விண்ணப்பம் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. மூலப்பொருள் எது, செய்முறை என்ன, எந்த ஊர் எல்லைக்குள் செய்தால் அந்தப் பெயர் பொருந்தும் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். இப்பொருள்களை இணையத்தில் விற்க நினைப்பவர், விளம்பர வாசகம் எழுதுமுன் இதைப் படிக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு பெற்றவருக்கே அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டியதே.

உணவுத் தொழிலில் இறங்குவோருக்குத் தஞ்சாவூரிலேயே ஒரு பெரிய துணை இருக்கிறது. 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக வளர்ந்திருக்கும் நிஃப்டெம், குறு உணவு நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்துக்காகப் பல பொருள்களுக்கு மாதிரித் திட்ட அறிக்கைகளையும் கையேடுகளையும் ஆயத்தம் செய்திருக்கிறது. அவற்றிலிருந்து எதை எழுத வேண்டும் என்ற அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திர விலையை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள், விற்பனையாளரிடம் புதிய விலைப்புள்ளி வாங்கி எழுதுங்கள். மாதிரியை வரி மாறாமல் படியெடுத்த அறிக்கையை வங்கியில் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள்.

ஐந்தாம் படி: சட்டத்தில் தேவையான அளவு

பொட்டலத்தில் அடைத்து விற்பவர் இரண்டு விதிகளைப் படித்தால் போதும்: எடையளவுச் சட்டத்தின்கீழ் 2011-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகள், உணவாக இருந்தால் அதனுடன் 2020-ஆம் ஆண்டின் உணவு முகப்புச்சீட்டு ஒழுங்குமுறைகள். நிகர எடை, அதிகபட்சச் சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி, நுகர்வோர் தொடர்பு, மூலப்பொருள் பட்டியல், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்பே அச்சகத்துக்குப் போங்கள். அச்சிட்ட உறைகளை மூட்டையாகத் தூக்கிப் போடுவது வீண் செலவு.

பெரிய கடைகளுக்குச் சரக்குப் போடப் போகிறவர், குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-ன் 15, 16 ஆகிய பிரிவுகளைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது; மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்குமே இந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வணிகர், இத்தகைய நிறுவனங்களுக்கான அரசின் இணையப் பதிவாகிய உத்யம் பதிவு செய்திருந்தாலும் அவருக்கு இது கிடைக்காது. உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் நிறைய உள்ளன.

ஆறாம் படி: தொழிலை நடத்துவது

மைக்கேல் கெர்பரின் ‘தி இ-மித் ரீவிசிட்டட்’ (1995) ஒரு வேலையை நன்றாகச் செய்யத் தெரிந்தவர், அந்த வேலையைச் செய்யும் தொழிலையும் நடத்தத் தெரிந்தவராகிவிடுகிறார் என்ற தவறான நம்பிக்கையைப் பிடித்து உலுக்குகிறது. அப்பம் சுடுவதில் தேர்ந்த ஒரு பெண் கடை வைத்துத் திணறுவதே நூலின் கதை. கல்யாணச் சமையலில் பெயரெடுத்தவர், விளக்கு வார்ப்பில் கைதேர்ந்தவர், நல்ல மோட்டார் மெக்கானிக் ஆகியோருக்கு இது கட்டாயம். செய்முறைகளை எழுதி வைத்து, தாம் இல்லாத நாளிலும் அதே தரம் வருமாறு செய்வது பற்றிய அத்தியாயங்களே அதில் சிறந்தவை. நடை சற்றே நாடகத்தனமானது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் எழுதிய ‘புவர் எகனாமிக்ஸ்’ (2011) நூலில், விருப்பமின்றித் தொழில்முனைவோர் ஆனவர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. வேறு வேலை கிடைக்காததால் தொடங்கப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரர் விற்பதையே விற்று, வளராமல் நின்றுவிடும் சிறு கடைகளை அது ஆராய்கிறது. ஒரே தெருவில் நான்கு பெட்டிக்கடைகள் இருக்கும் ஊரில் ஐந்தாவதைத் திறக்குமுன் அந்த அத்தியாயத்தைப் படித்துவிடுவது நல்லது.

ஏழாம் படி: வாழ்க்கை வரலாறுகள்

இவற்றைக் கடைசிக்கு அருகில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கணக்கு தெரிந்த பிறகு படித்தால்தான் வரலாற்றில் முடிவுகள் தெரியும். அதற்கு முன் படித்தால் வெற்றி மட்டுமே தெரியும். வர்கீஸ் குரியனின் நினைவுக் குறிப்பான ‘ஐ டூ ஹேட் எ ட்ரீம்’ (2005) என் முதல் தேர்வு. 1949-ல் மனமில்லாமல் குஜராத்தின் ஆனந்துக்கு வந்த பொறியாளர் அமுல் பால் கூட்டுறவைக் கட்டி எழுப்பிய கதை என்பது எல்லாரும் அறிந்தது. அதில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது, குளிர்காலத்தில் பெருகும் பாலைப் பம்பாய் முழுவதும் வாங்கிக்கொள்ள முடியாதபோது என்ன செய்வது என்ற சிக்கல். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வல்லுநர்கள் சொன்னதை அவருடைய சக பணியாளரான பால் தொழில்நுட்ப வல்லுநர் எச். எம். தலாயா பொய்யாக்கிக் காட்டியதும், 1955-ல் பொடி ஆலை எழுந்ததும் அந்தச் சிக்கலின் விடையாக வந்தவை. தை, மாசியில் ஒரே சமயத்தில் நெல் குவிந்து விலை இறங்கும் பகுதியில் இருப்பவருக்கு இதைவிட நெருக்கமான பாடம் கிடைக்காது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் சேர்த்து ஆகும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷாகவும் (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) வணிகராகவும் இருந்தவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய இந்தக் குறிப்பில் கப்பல் வரவும், துணிக் கொள்முதலும், கொடுத்த கடனும், வராத பாக்கியும், அதிகாரிகளின் மனப்போக்கும் நிறைந்திருக்கின்றன. பல தொகுதிகள் உள்ளன. நூலகத்தில் ஒன்றை எடுத்து, வியாபாரம் பேசும் நாள்களை மட்டும் தேடிப் படியுங்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிய, “கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது” என்று வரும் பகுதியையும், அதற்கு முன் சுங்கம் கொள்வோர் புலி முத்திரை குத்தும் பகுதியையும் உரையோடு படிக்க ஒரு மாலை போதும்.

வாழும் நிறுவனத்தைப் படிக்க விரும்பினால், 1904-ல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் ஆண்டறிக்கையை எடுங்கள். எந்தெந்தத் துறைக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறார்கள், வாராக்கடன் எவ்வளவு என்பதை நிர்வாகத்தின் விளக்கப் பகுதியும் அட்டவணைகளும் காட்டும். இரண்டாம் படியில் படித்த பாடநூலுக்கு இதுவே செய்முறைப் பயிற்சி.

தள்ளி வைக்க வேண்டியவை

பீட்டர் தீலின் ‘ஜீரோ டு ஒன்’ (2014) கூர்மையான நூல்தான். ஆனால் பெரும் முதலீட்டாளரின் பணத்தில் ஒரு புதிய சந்தையையே கைப்பற்றப் புறப்படும் நிறுவனங்களுக்கு எழுதப்பட்டது. மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடனுக்கு விண்ணப்பிப்பவருக்கு அதில் உடனே எடுத்துச் செய்ய ஒன்றும் இல்லை. அதிகாலையில் எழுவது, பணக்காரரைப் போலச் சிந்திப்பது ஆகியவை பற்றிய நூல்களை முதல் ஆண்டு வரவு செலவு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே, எப்போது

ஆங்கில நூல்களில் சிலவற்றுக்குத் தமிழ்ப் பெயர்ப்புகள் கிடைக்கலாம். மாவட்ட மைய நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். மொழி தடையாக இருந்தால் இருவர் மூவர் சேர்ந்து ஓர் அத்தியாயத்தை ஒருவர் படித்து மற்றவருக்குச் சொல்லும் முறை நன்றாக நடக்கிறது, குறிப்பாக மகளிர் சுயஉதவிக் குழுக்களில். காலத்தைப் பொறுத்தவரை, கல்யாணம் குறையும் ஆடி மாதம் பெரும்பாலான தொழில்களுக்கு ஓய்வு தருவதால் முதல் மூன்று படிகளை அப்போது முடிக்கலாம். நான்காம், ஐந்தாம் படிகளை மழைக்காலத்தில் வைத்துக்கொண்டால், தை அறுவடைக்குப் பின் வங்கிக்குப் போகும்போது பன்னிரண்டு மாதக் கட்டமும், வாங்குபவரிடம் கேட்ட குறிப்புகளும், நபார்டு அறிக்கையின் உரிய பக்கமும் நோட்டில் இருக்கும். மேலாளரின் மேசையில் திட்ட அறிக்கையோடு அந்த மூன்றையும் சேர்த்து வையுங்கள்.